ஆறு மறந்ததும் கரை காத்ததும்

மனிதர் தம் நகரங்களை ஆற்றங்கரைகளில் அமைத்துக்கொண்டனர். குடிக்கவும் பயிர் செய்யவும் பொருள்களை ஏற்றி இறக்கவும் ஆறு வேண்டியிருந்தது என்பதை நாம் இளமையிலேயே கற்றோம். ஆனால் நகரம் ஆற்றுக்குத் தந்த வேறொரு வேலையைப் பற்றிப் பாடநூல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. தான் பார்க்க விரும்பாதவற்றையும், தன் நினைவிலிருந்து நீக்க விரும்பியவற்றையும் நகரம் ஆற்றங்கரையில் கொண்டுவந்து தள்ளியது. பிணங்கள் அங்கே வந்தன. தண்டனை பெற்றோர் அங்கே வந்தனர். தீண்டத் தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோர் அங்கே குடிசை போட்டனர். அடுத்த மழைக்காலத்து வெள்ளம் அனைத்தையும் அடித்துச் சென்றுவிடும் என்று ஊர் நம்பியது.

ஜப்பானின் பழைய தலைநகராகிய கியோட்டோவில் ஓடும் காமோ ஆற்றின் கரை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இன்று அது அந்நாட்டின் அழகிய நடைபாதைகளுள் ஒன்று. வரலாற்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அக்கரையில் வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவு நாம் மெல்ல நடந்து பார்ப்போம்.

மரங்களின் நிழலில்

கி.பி. 794இல் தலைநகராக அமைக்கப்பட்டது கியோட்டோ. வடமேற்கிலிருந்து வரும் காமோ ஆறும் வடகிழக்கிலிருந்து வரும் தகானோ ஆறும் நகரின் வடபகுதியில் தேமாச்சி என்னுமிடத்தில் ஒன்றுகூடுகின்றன. இரண்டுக்கும் நடுவே கூர்முனையாய் நீண்டிருக்கும் நிலத்துக்குப் பின்னால் ததாசு என்னும் பழங்காடு இருண்டு நிற்கிறது. அக்காடு சூழ்ந்த ஷிமோகாமோ ஷிண்டோ திருத்தலம் 1994இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆறுகள் கூடுமிடத்தில், ஆமை வடிவிலும் பறவை வடிவிலும் செதுக்கிய கற்கள் நீரின் குறுக்கே வரிசையாக இடப்பட்டுள்ளன. சிறுவர் அவற்றின் மேல் தாவித் தாவி அக்கரை சேர்கின்றனர். இவ்விடத்துக்கு மேலே ஆற்றின் பெயரை ஒரு விதமான எழுத்திலும், கீழே வேறு விதமான எழுத்திலும் எழுதுவது ஜப்பானியர் வழக்கம். ஒலி மட்டும் ஒன்றே.

சங்கமத்திற்கு இன்னும் வடக்கே, 1924இல் திறக்கப்பட்ட தாவரவியல் பூங்காவின் ஓரமாக, கிளை தாழ்ந்த செர்ரி மரங்கள் நடைபாதைக்கு மேலே கூரை வேய்ந்ததுபோல் வளைந்து நிற்கின்றன. ஏப்ரல் மாதத்தில் அவை ஒருசேரப் பூத்து, சில நாட்களில் ஒருசேர உதிர்கின்றன. தெற்கே வர வர வில்லோ மரங்கள் மிகுதி. பாபிலோனின் ஆறுகளருகே அமர்ந்து அழுத இஸ்ரயேல் மக்கள் தம் யாழ்களைத் தொங்கவிட்ட மரத்தை நம் விவிலிய மொழிபெயர்ப்புகள் அலரி என்று சொல்கின்றன. வில்லோவும் அவ்வாறே ஆற்றோரத்தில் கிளை தாழ்த்தி நிற்கும் மரம். கோடைக்காலத்தில் மேற்குக் கரையின் உணவகங்கள் ஆற்றை நோக்கி மரத்தளங்கள் அமைத்து விருந்தினரை அமரச் செய்கின்றன. குளிர்காலத்தில் கடற்காகங்கள் வெண்கூட்டமாய் வந்து இறங்குகின்றன. கொக்குகள் ஒற்றைக்காலில் நின்று மீனுக்குக் காத்திருக்கின்றன.

இவ்வழகு இயற்கை தானே தந்தது என்று எண்ணினால் தவறு. காமோ அடங்காத ஆறு. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஷிராகாவா பேரரசர், தம் ஆணைக்குக் கட்டுப்படாதவை உலகில் மூன்றே என்று குறைபட்டுக்கொண்டதாக ஒரு பழங்கதை உண்டு. சூதாட்டக் காய்கள் ஒன்று; ஆயுதம் ஏந்தி மலையிலிருந்து இறங்கிவந்து அரண்மனை வாயிலில் கலகம் செய்த துறவியர் மற்றொன்று; காமோவின் வெள்ளம் மூன்றாவது. 1591இல் நாட்டை ஆண்ட தொயோதோமி ஹிதெயோஷி, நகரைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட மண்கோட்டை எழுப்பி, அதன் மேல் மூங்கில் நடச் செய்தார். பகைவரைத் தடுக்கவும் இந்த ஆற்றைத் தடுக்கவும் அது ஒருங்கே பயன்பட்டது. அப்படியும் ஆறு முழுமையாக அடங்கவில்லை. 1935 ஜூன் இறுதியில் பெய்த பெருமழையில் பாலங்கள் பல அடித்துச் செல்லப்பட்டன. நகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அதன் பிறகே ஆற்றுப்படுகையை ஆழமாக்கி, கரைகளைக் கல்லால் கட்டி, இன்று நாம் காணும் வடிவத்தைத் தந்தனர். கிழக்குக் கரையில் ஓடிய ரயில் பாதையும் 1987இல் நிலத்துக்கடியில் சென்றது. அது விட்டுச்சென்ற கரையோரத்தில் சாலை அகன்றது. செர்ரி மரங்கள் நடப்பட்டன.

ஆகவே நாம் நடக்கும் இந்நிழல் மிக அண்மைக் காலத்தது. இம்மரங்களுக்குக் கீழே இருக்கும் மண்ணோ மிகப் பழையது.

யாருக்கும் உரியதல்லாத மணல்

கல்கரைகள் எழுவதற்கு முன் காமோ ஆறு அகன்று பரந்து, மழையில்லாக் காலத்தில் பெரும் மணல்வெளியாய்க் கிடந்தது. அவ்வெளியை ஜப்பானியர் 'காவரா' என்றனர். வெள்ளம் வந்து அழிக்கும் நிலமாதலால் அங்கே பயிர் இல்லை. பயிர் இல்லாமையால் வரி இல்லை. வரி இல்லாமையால் அதற்கு உரிமையாளர் எவரும் இல்லை. வேறிடத்தில் வாழ வழியற்றோர் அங்கே வந்து தங்கினர். மாட்டுத்தோல் பதனிடுதல், இறந்த விலங்குகளை அகற்றுதல், தண்டனை பெற்றோரைக் கொல்லும் பணி ஆகியவை அவர்களுக்கு விதிக்கப்பட்டன. 'மணல்வெளி மக்கள்' என்று அவர்களை இழிவாக அழைத்தனர். பிறப்பினால் மனிதரைத் தாழ்த்தும் கொடுமையை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆயினும் கியோட்டோவின் பெருமையாக உலகம் போற்றும் தோட்டக்கலையை வளர்த்தவருள் இம்மக்களும் இருந்தனர். 15ஆம் நூற்றாண்டில் ஆஷிகாகா யோஷிமாசா என்னும் ஆட்சியாளரின் நன்மதிப்பைப் பெற்ற தோட்டக் கலைஞர் சென்ஆமி மணல்வெளியில் பிறந்தவரே. கல்லையும் மண்ணையும் தொடுவது தாழ்ந்த வேலை என்று அவர்களிடம் விடப்பட்டது. அவர்கள் அதைக் கலையாக்கினர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகுனி என்னும் பெண் கியோட்டோவில் ஆடிய ஆட்டத்திலிருந்தே கபுகி நாடகம் பிறந்தது என்பர். அந்நாடகம் வளர்ந்த மேடைகள் நான்காம் தெருவை ஒட்டிய இம்மணல்வெளியில் இருந்தன. அங்கே இன்று ஒகுனியின் சிலை நிற்கிறது.

துயரமும் இம்மணலில் வந்து குவிந்தது. 1461இல் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. கிராமங்களிலிருந்து பசியோடு வந்த மக்கள் தலைநகரின் தெருக்களில் விழுந்து மாண்டனர். பிணங்கள் ஆற்றை அடைத்து நின்றன. அப்போது ஒரு பௌத்தத் துறவி, நினைவுச் சொற்கள் எழுதிய சிறு மரத்துண்டுகள் 84,000 செய்து, ஒவ்வொரு பிணத்தின் மேலும் ஒன்றாக வைத்துக்கொண்டே சென்றார். இறுதியில் 2,000 எஞ்சின என்று அக்காலத் துறவி ஒருவரின் நாட்குறிப்பு கூறுகிறது. இரு மாதங்களில் 82,000 பேர் இறந்தனர் என்று நகரம் அறிந்தது இக்கணக்கினால்தான்.

இதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அத்துறவியால் ஒருவரையும் பிழைக்க வைக்க இயலவில்லை. பெயர் கேட்கவும் காலம் கடந்துவிட்டது. எனினும், 'இங்கே ஒருவர் இறந்தார்' என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல அவர் மனங்கொண்டார்.

கால்வாய் வெட்டியவர் கண்ட மேடு

கியோட்டோவின் கிழக்கு மேற்குப் பெருந்தெருக்கள் பலவற்றுக்கு எண்களே பெயர்கள். மூன்றாம் தெரு ஆற்றைக் கடக்குமிடத்தில் சான்ஜோ பாலம் உள்ளது. தோக்கியோவிலிருந்து வரும் பழைய நெடுஞ்சாலையின் முடிவிடம் அதுவே. 1590இல் ஹிதெயோஷி அதற்குக் கல்தூண்கள் நிறுவினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, அப்பாலத்தை ஒட்டிய மணலில் அவர் வேறொன்றும் செய்வித்தார்.

வாரிசு இல்லாத ஹிதெயோஷி, தம் சகோதரியின் மகன் ஹிதெத்சுகுவைத் தத்தெடுத்து உயர் பதவியில் அமர்த்தியிருந்தார். பின்னர் அவருக்கே ஒரு மகன் பிறந்தான். தத்துமகன் மீது ஐயம் எழுந்தது. 1595இல் ஹிதெத்சுகு தற்கொலை செய்துகொள்ளுமாறு கட்டளையிடப்பட்டார். அதோடு நில்லாமல், அவருடைய பிள்ளைகள், மனைவியர், பணிப்பெண்கள் என ஏறத்தாழ 40 பேரை இம்மணலுக்கு வண்டிகளில் கொண்டுவந்து வெட்டினர். உடல்களை ஒரே குழியில் இட்டு, மேலே ஒரு மேடு எழுப்பினர். வழிப்போக்கர் கண்டு அஞ்ச வேண்டும் என்பது நோக்கம். சில ஆண்டுகளில் வெள்ளம் அம்மேட்டைக் கரைத்தது. புல் முளைத்தது.

1611இல் சுமினோகுரா ரியோயி என்னும் செல்வ வணிகர், காமோவுக்கு இணையாக மேற்குப் பக்கத்தில் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். தகாசே என்னும் அக்கால்வாய் தெற்கே ஃபுஷிமி வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் செல்வது. தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுகள் அரிசி, விறகு, உப்பு முதலியவற்றை அதில் ஏற்றிவந்தன. 1614இல் பணி நிறைவேறியது. அவ்வாண்டிலேயே ரியோயி மறைந்தார். 1920 வரை அதில் படகுகள் ஓடின. இன்று கணுக்காலளவு தெளிந்த நீருடன், இருபுறமும் செர்ரியும் வில்லோவும் நிழல் தர, கியாமாச்சித் தெரு ஓரமாக அது ஓடுகிறது. காமோவை விட இவ்வோடையின் கரையையே விரும்பி நடப்போர் பலர்.

இக்கால்வாய்க்காக நிலம் அளக்கையில், சிதைந்து கிடந்த அம்மேட்டை ரியோயி கண்டார். அதைத் தகர்த்துக் கால்வாயை நேராகக் கொண்டுபோக அவரைத் தடுப்பார் எவரும் இல்லை. கொல்லப்பட்டவர்கள் அவருக்கு உறவினரும் அல்லர். அவர் அங்கே அவர்களுக்கு முறையான கல்லறை அமைத்து, சுயிசென்ஜி என்னும் பௌத்த ஆலயத்தை எழுப்பினார். கேளிக்கை விடுதிகள் நிறைந்த அத்தெருவில், தகாசே ஓடையின் அருகே, அவ்வாலயம் இன்றும் அமைதியாக நிற்கிறது. நகரின் மேற்கே ஹோசு ஆற்றில் படகு செல்லப் பாறைகளை உடைத்தவரும் இவரே. அப்பணியில் உயிரிழந்த தொழிலாளர்களுக்காக வேண்டுதல் செய்ய அராஷியாமா மலையில் ஓர் ஆலயத்தை ஏற்படுத்தினார். அங்குள்ள அவருடைய மரச்சிலை, சுருட்டிய கயிற்றின் மேல் அமர்ந்து கையில் பாறை உடைக்கும் கருவியைப் பிடித்திருக்கிறது.

பின்னாளில் தகாசே படகுகள், தொலைதீவுகளுக்கு நாடுகடத்தப்பட்ட குற்றவாளிகளையும் சுமந்து சென்றன. மொரி ஓகாய் என்னும் எழுத்தாளர் 1916இல் 'தகாசே படகு' என்னும் சிறுகதையில் அத்தகைய ஒருவனின் கதையை எழுதிய பின், இவ்வோடை ஜப்பானிய வாசகர் அனைவர் உள்ளத்திலும் ஓடத் தொடங்கியது.

திரும்பி வரும் பாலம்

காமோவின் நீர் தெற்கே கத்சுரா ஆற்றோடு கூடி, யோதோ ஆற்றில் கலந்து ஒசாகா கடலைச் சேர்கிறது. நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1551 ஜனவரியில் பனியினூடே நடந்து கியோட்டோவுக்கு வந்தார். நெடும்போரினால் நகரம் பாழடைந்து கிடந்தது. பேரரசரைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. ஏறத்தாழ 11 நாட்களில் படகேறித் திரும்பினார். கண்ணுக்கு மறையும் வரை நகரை நோக்கித் திருப்பாடல் பாடிச் சென்றார் என்று இயேசு சபை வரலாற்றாசிரியர் லூயிஸ் ஃபுரோயிஸ் எழுதுகிறார்.

அவர் விதைக்க விரும்பியது 25 ஆண்டுகளில் முளைத்தது. 1576 ஆகஸ்டு 15 அன்று, ஒர்கந்தினோ அடிகளாரின் முயற்சியால், நகரின் நடுவே புதிய ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. 1587இல் ஹிதெயோஷி மறைப்பணியாளரை வெளியேறுமாறு ஆணையிட்டபின் அவ்வாலயம் இடிக்கப்பட்டது. ஆனால் அதன் மணி எஞ்சியது. 1577 என்னும் ஆண்டையும் இயேசு சபையின் முத்திரையையும் தாங்கிய அம்மணியை, மியோஷின்ஜி வளாகத்திலுள்ள ஒரு சென் பௌத்த மடம் இன்றுவரை பாதுகாத்து வருகிறது. கிறிஸ்தவர் பாதுகாக்க இயலாததைப் பௌத்தர் பாதுகாத்தனர்.

1593இல் பிலிப்பைன்சிலிருந்து தூதராக வந்த பேதுரு பவுத்தீஸ்து அடிகளாரும் அவருடைய பிரான்சிஸ்கன் சகோதரர்களும் கியோட்டோவில் ஆலயத்தோடு தொழுநோயாளருக்கான மருத்துவமனையையும் நிறுவினர். அவர்களுள் ஜப்பானிய மொழியில் வல்லவராய், தூதுக்குழுவின் மொழிபெயர்ப்பாளராய் விளங்கியவர் சகோதரர் கொன்சாலோ கார்சியா. மும்பைக்கு அருகிலுள்ள வசாயில், போர்த்துக்கீசியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர். இந்திய மண்ணில் பிறந்து புனிதர் பட்டம் பெற்றோருள் முதல்வர் அவரே.

1596இல் சான் ஃபெலிப்பே என்னும் ஸ்பானியக் கப்பல் ஜப்பானியக் கரையில் உடைந்தது. மறைப்பணியாளர் முன்னே வர, ஸ்பானியப் படை பின்னே வரும் என்னும் அச்சம் ஹிதெயோஷியின் உள்ளத்தில் வலுத்தது. அக்காலப் பேரரசுகள் அமெரிக்காவிலும் பிலிப்பைன்சிலும் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால், அவ்வச்சம் முற்றிலும் அடிப்படையற்றது என்று நாம் சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் தொழுநோயாளரின் புண்களைக் கழுவியவர்களும், அவர்களோடு இருந்த எளியவர்களுமே.

காமோவுக்கு மேற்கே, நகரின் ஊடாக ஓடும் ஹோரிகாவா என்னும் சிற்றாறு உண்டு. நீண்ட காலம் வறண்டு கிடந்த அதற்கு 2009இல் மீண்டும் நீர் விடப்பட்டு, கரையில் நடைபாதை அமைக்கப்பட்டது. முதலாம் தெருவில் அதைக் கடக்கும் பாலத்துக்கு 'மொதோரி பாஷி', அதாவது திரும்பி வரும் பாலம் என்று பெயர். இறந்த தந்தையின் சவ ஊர்வலத்தை ஒரு மகன் அங்கே எதிர்கொள்ள, தந்தை சற்றே உயிர் பெற்றார் என்பது கதை. போருக்குச் செல்வோர் திரும்பி வர வேண்டும் என்று அப்பாலத்தைக் கடந்து செல்வராம். மணப்பெண்களோ பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது என்று அதைத் தவிர்ப்பராம்.

1597 ஜனவரி 3 அன்று, அப்பாலத்தருகே 24 பேரின் இடது காது மடல் அறுக்கப்பட்டது. மூக்கையும் இரு காதுகளையும் அறுக்க வேண்டும் என்பதே முதல் ஆணை. கியோட்டோவின் அதிகாரி இஷிதா மித்சுனாரி அதைக் குறைத்தார். பின்பு அவர்களை வண்டிகளில் ஏற்றித் தெருத்தெருவாகக் காட்டினர். கடுங்குளிரில் நாகசாகி நோக்கி நடத்திச் சென்றனர். வழியில் மேலும் இருவர் சேர, 26 பேரும் பிப்ரவரி 5 அன்று சிலுவையில் அறையப்பட்டு ஈட்டியால் குத்தப்பட்டனர். இயேசு சபையின் பவுல் மீக்கியும், நம் கொன்சாலோ கார்சியாவும், 12 வயது லூயிஸ் இபராகியும் அவர்களுள் அடங்குவர். 1862இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார். திரும்பி வரும் பாலத்திலிருந்து புறப்பட்ட அவர்களுள் ஒருவரும் திரும்பி வரவில்லை.

ஆறாம் தெரு மணல்

மீண்டும் காமோவின் கரைக்கு வருவோம். ஐந்தாம் தெருவைத் தாண்டினால் கூட்டம் குறைகிறது. மரங்களின் நிழலில் முதியோர் அமர்ந்திருப்பர். ஆறாம் தெருவுக்கும் ஏழாம் தெருவுக்கும் இடைப்பட்ட இப்பகுதி, பல நூற்றாண்டுகள் நகரின் கொலைக்களமாக இருந்தது. 1600இல் செகிகஹாராப் போரில் தோற்றவர்களை இங்கே கொண்டுவந்து தலை வெட்டினர். கிறிஸ்தவச் சிற்றரசர் கொனிஷி யுகினாகா அவர்களுள் ஒருவர். வீரர் மரபுப்படி வயிற்றைக் கிழித்து இறக்க அவருடைய விசுவாசம் இடந்தரவில்லை. அவரோடு மாண்டவர் இஷிதா மித்சுனாரி. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு முன் மறைசாட்சியரின் தண்டனையைச் சிறிதேனும் குறைத்த அதே அதிகாரி.

1614இல் தொகுகாவா அரசு கிறிஸ்தவத்தை நாடு முழுவதும் தடைசெய்தது. கியோட்டோவில் கிறிஸ்தவர் வாழ்ந்த தெருவை, இறைவனைக் குறிக்கும் 'தேயுஸ்' என்னும் சொல்லைத் திரித்து, 'தைவுசு தெரு' என்று மக்கள் அழைத்தனர். அங்கே பலர் கைதாயினர். நகரின் ஆளுநர் அவர்களிடம் கடுமை காட்ட விரும்பவில்லை என்று சொல்லப்படுகிறது. ஆனால் 1619இல் கியோட்டோப் பகுதிக்கு வந்த ஆட்சியாளர் தொகுகாவா ஹிதெதாதா, அனைவரையும் எரிக்குமாறு ஆணையிட்டார்.

அக்டோபர் 6 அன்று 52 பேர் வண்டிகளில் இம்மணலுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். யோவான் ஹஷிமோத்தோ தாஹியோயேயின் மனைவி தெக்லா, கருவுற்ற நிலையில், தம் 5 பிள்ளைகளோடு அங்கே நின்றார். 3 வயது லூயிசாவை மார்போடு அணைத்திருந்தார். தீ மூட்டப்பட்ட பின்னும் அவ்வணைப்புத் தளரவில்லை என்று பதிவுகள் கூறுகின்றன. அந்நாளில் ஜப்பானில் இருந்த ஆங்கில வணிகர் ரிச்சர்டு காக்ஸ், கத்தோலிக்கத் திருச்சபையின் மீது எவ்விதப் பற்றும் இல்லாதவர். தாய்மாரின் கைகளில் ஐந்தாறு வயதுக் குழந்தைகள் எரிந்ததையும், அவர்களை ஏற்றுக்கொள்ளுமாறு இயேசுவை நோக்கி அத்தாய்மார் கதறியதையும் தாம் கண்டதாக அவரே தம் கடிதத்தில் எழுதினார்.

சாம்பலை ஆறு கொண்டுபோயிற்று. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் அந்நாட்டில் அவர்கள் பெயரை உரக்கச் சொல்ல இயலவில்லை. 2008 நவம்பர் 24 அன்று நாகசாகியில் ஜப்பானின் 188 மறைசாட்சியர் அருளாளர்களாக உயர்த்தப்பட்டபோது, கியோட்டோவின் 52 பேரும் அவர்களோடு இடம்பெற்றனர். ஷோமென் பாலத்துக்கு அருகே, கரையோரச் சாலையில், அவர்கள் மாண்ட இடத்தைக் குறிக்கும் நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. அடக்கமான கல். அறியாதவர் கடந்து போய்விடுவர்.

அதே கரையில் இன்னொரு மேடு

நம் மறைசாட்சியரின் கல்லைக் கண்டு, வேண்டுதல் செய்து, இத்தோடு திரும்பிவிட நமக்குத் தோன்றலாம். அப்படிச் செய்தால் இக்கரை சொல்வதில் பாதியையே கேட்டவர்களாவோம். பாலத்திலிருந்து ஷோமென் தெரு வழியே கிழக்கே சில நிமிடங்கள் நடந்தால், புல் மூடிய மேடு ஒன்றின் உச்சியில் கல்தூபி தென்படும். மிமிசுகா, அதாவது காது மேடு என்பது அதன் பெயர். உண்மையில் அங்கே புதைந்திருப்பவை பெரும்பாலும் மூக்குகள்.

1592இலும் 1597இலும் ஹிதெயோஷியின் படைகள் கொரியா மீது பாய்ந்தன. கொன்றவர்களின் எண்ணிக்கையை மெய்ப்பிக்க, வீரர்கள் மூக்குகளை அறுத்து, உப்பிட்டு, பீப்பாய்களில் அனுப்பினர். பல்லாயிரக்கணக்கான கொரியரின் சதைத் துண்டுகள், அவர்களுக்கு உதவ வந்த சீனரின் துண்டுகளோடு, இங்கே புதைக்கப்பட்டன. 1597இல் பௌத்தத் துறவியர் இம்மேட்டின் முன் வழிபாடு நடத்தினர். 24 கிறிஸ்தவரின் காது மடல்கள் அறுக்கப்பட்ட அதே ஆண்டு. அறுக்கச் சொன்னதும் அதே மனிதர். அந்த 26 பேருக்கு இன்று உலகெங்கும் திருவிழா உண்டு. மேட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

நடப்பவர் கடமை

ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து இறைவனை நோக்கிக் கூக்குரலிட்டது என்று விவிலியத்தின் முதல் நூல் சொல்கிறது. அக்குரல் எந்தச் சமயத்தாருடைய குரல் என்று அங்கே கேட்கப்படவில்லை. மறைசாட்சியரை நினைப்பது நமக்கு உரிமை. அதே வேளையில் அது ஒரு சோதனையும் ஆகும். இறைவாக்கினரின் கல்லறைகளை அழகுபடுத்திக்கொண்டே, அவர்களைக் கொன்ற மனப்பான்மையைத் தம்முள் வைத்திருந்தவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார். கொனிஷி யுகினாகா இம்மணலில் தலை வெட்டப்பட்ட அதே 1600இல், உரோமை நகரில் ஜோர்தானோ புரூனோ என்னும் சிந்தனையாளர் கிறிஸ்தவர் கையாலேயே தீயிலிடப்பட்டார். விறகு எங்கும் ஒரே விதமாகத்தான் எரிகிறது. நம் துயரத்தை மட்டும் நினைத்து, நாம் பிறருக்குச் செய்த துயரத்தை மறப்போமானால், நம் நினைவுக்கற்கள் நம்மையே குற்றஞ்சாட்டும். 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் பிள்ளைகள் கடந்த காலத்தில் இழைத்த தவறுகளுக்காகப் பொதுவில் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டதன் பொருள் இதுவே.

காமோவின் கரையில் நமக்குப் பாடம் சொல்பவர்கள் கொன்றவர்கள் அல்லர். கொல்லப்பட்டவர்களின் உறவினர்களும் அல்லர். பசியால் மாண்ட 82,000 பேருக்கு ஒவ்வொருவராய் மரத்துண்டு வைத்த துறவி, தமக்கு எவ்விதத்திலும் தொடர்பில்லாத பெண்கள் குழந்தைகளின் மேட்டைத் தகர்க்காமல் விட்ட வணிகர், வேற்றுச் சமயத்தின் மணியைக் காத்த மடத்தார், தமக்கு ஒவ்வாத திருச்சபையைச் சேர்ந்தோரின் சாவை உள்ளவாறே எழுதிவைத்த வணிகர் என இவர்களே அக்கரையின் உண்மையான காவலர்கள். நல்ல சமாரியன் காயப்பட்டவனின் ஊரையும் இனத்தையும் கேட்டுவிட்டுக் குனியவில்லை. நினைவுகூர்தலும் அவ்வாறு குனிதலே. இறந்தவருக்குச் செய்யும் இரக்கம் அது. அதற்குக் கைம்மாறு வராது. ஆதலால் அது தூய்மையானது.

அப்படியானால் மர நிழலில் மகிழ்ந்து நடப்பது பிழையா? பிழையன்று. துயரம் நடந்த இடம் என்றென்றும் பாழாய்க் கிடக்க வேண்டும் என்று இறைவன் விதிக்கவில்லை. கொலைக்களத்தில் குழந்தைகள் கற்களின் மேல் தாவி விளையாடுவது அருளின் அடையாளமே. ஆனால் அழகு மறதியின் மேல் கட்டப்படும்போது அது மெல்லிய திரையாகிவிடுகிறது. அத்திரைக்குப் பின்னால் அதே கொடுமை மீண்டும் நிகழ முடியும். அறிந்து நடப்பவனுக்கு அதே செர்ரிப் பூக்கள் இன்னும் ஆழமாகப் பூக்கின்றன.

நீர் நில்லாமல் ஓடுவது அதன் இயல்பு. அதனிடம் நினைவைக் கேட்க முடியாது. நினைக்கும் பொறுப்பு கரையில் நடப்பவர்களுக்கு உரியது. நாம் வாழும் ஊர்களிலும் ஆறு உண்டு, குளம் உண்டு, ஊரின் ஓரமாய் ஒதுக்கிவைத்த நிலம் உண்டு. அங்கே யாருடைய மேடு புல் மூடிக் கிடக்கிறது என்று விசாரித்தறிவதும் ஒரு வேண்டுதலே.